கேமா, இம்போசிஷனா? பிளாட்ஃபார்மர் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர் மீட் பாய் ஆடிய முதல் இரவில் நூறு தடவைக்கு மேல் செத்திருப்பேன். எரிச்சல் வரவில்லை, தூக்கம்தான் போனது. அதே வாரம் ஒரு பழைய நிஞ்சா கேமில் நாலாவது சாவிலேயே கன்ட்ரோலரைச் சோபாவில் வீசிவிட்டு எழுந்து போனேன். இரண்டையும் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "செம கஷ்டம்டா."

இந்த வித்தியாசம் புரியாமலேயே நான் என் முதல் பிளாட்ஃபார்மரை, அதாவது மேடைக்கு மேடை தாவி ஓடும் கேமை, செய்தேன். கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் இரண்டு மாத வேலை. எங்கெல்லாம் காலி இடம் இருந்ததோ அங்கெல்லாம் முள் வைத்தேன். அக்கா மகனிடம் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆடிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். "மாமா, இது கேம் இல்ல, இம்போசிஷன்."

பள்ளியில் இம்போசிஷன் எழுதியவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது தடவையிலேயே வார்த்தை மனப்பாடம் ஆகிவிடும். மிச்சம் தொண்ணூற்றைந்து தடவை எழுதுவது கற்றுக்கொள்ள அல்ல, கை வலிக்க. பையன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் எந்தக் கேமை எடுத்தாலும் அந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

சாவை எண்ணிக் கஷ்டத்தை அளப்பது

சூப்பர் மீட் பாய் 2010-இல் வந்தது. எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபெனஸ் என்ற இருவர் செய்தது. திரும்பிய பக்கமெல்லாம் சுழலும் ரம்பம். ஆனால் பெரும்பாலான லெவல்கள் சின்னவை, ஒழுங்காக ஓடினால் அரை நிமிடம்கூட ஆகாது. செத்த மறுகணமே ஆரம்பத்தில் நிற்பீர்கள். "மறுபடி ஆடவா?" என்று கேட்கும் திரை கிடையாது, சோக இசை கிடையாது. லெவலை முடித்ததும் அதுவரை தோற்ற முயற்சிகளையெல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டும். ஒரு கும்பல் மீட் பாய்கள் திபுதிபுவென்று ஓடி, ஒவ்வொருவராக ரம்பத்தில் சிக்கி, கடைசியில் ஒருவன் மட்டும் கரையேறுவான். நாற்பது தடவை தோற்றதை நாமே ரசித்துப் பார்க்கிறோம்.

அதே ஆண்டு டெரி கேவனா ஒரு கேம் வெளியிட்டார். அதன் பெயரே 'வி' என்ற ஆங்கில எழுத்தை வரிசையாக ஆறு முறை எழுதியது. அதில் குதிக்கவே முடியாது, ஈர்ப்பு விசையை மேலும் கீழுமாகத் திருப்பத்தான் முடியும். ஓரிடத்தில் முழங்கால் உயரக் கட்டை ஒன்று வழியை மறிக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் போக, பல திரைகள் மேலே முட்களுக்கு நடுவே விழுந்து, அதே வழியாகக் கீழே திரும்பி வர வேண்டும். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் அங்கே செத்திருப்பார்களோ! ஆனால் செத்தால் அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே எழுகிறோம். அந்த வழி கட்டாயமும் இல்லை. ஒரு சின்னப் பரிசுப் பொருளுக்காக, வேண்டுமென்றால் முயலலாம்.

இனி அந்த நிஞ்சா கேமுக்கு வருகிறேன். 1988-இல் ஜப்பானில் வந்த நிஞ்சா கைடன். கடைசிக் கட்டத்தில் பாஸிடம், அதாவது கட்ட முடிவில் நிற்கும் பெரிய எதிரியிடம், தோற்றால், அங்கேயே எழுப்பிவிடாமல் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பும். ஏற்கெனவே தாண்டிய பறவைகள், ஏற்கெனவே தாண்டிய பள்ளங்கள், எல்லாம் மறுபடி. பாஸிடம் கற்றுக்கொள்ள வேண்டியது முப்பது விநாடிப் பாடம். அதைப் படிக்கப் பல நிமிடம் இம்போசிஷன் எழுத வேண்டும். சாவின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மீட் பாய்தான் கொடியது. வாட்சைப் பார்த்தால் கதையே வேறு.

'மூன்று லைஃப்' ஏன் என்று கேட்காமல் வைப்பது

1981-இல் டாங்கி காங் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடைகளில், வந்தபோது லைஃப் தீர்வதற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த காசு விழ வேண்டும். காசு போட்டவர் நாள் முழுக்க நின்றால் கடைக்காரருக்கு நஷ்டம். 1985-இல் காப்காம் வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் முதல் அடிக்குக் கவசம் போகும், இரண்டாவது அடிக்கு எலும்புக்கூடு. கடைசிவரை போய் முடித்தால், "இது மாயை" என்று சொல்லி முதலிலிருந்து மறுபடி ஆட வைக்கும். காசு வாங்கும் பெட்டிக்கு அது சரியான தந்திரம்.

வீட்டு டிவிக்கு வந்தபோது காசுத் துளை போய்விட்டது, லைஃப் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. தொண்ணூறுகளில் நம் ஊரில் கேசட் போட்டு டிவி கேம் ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேமை சேவ் செய்ய வழி கிடையாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டுப் போவோம். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சுட்டுக்கொண்டிருக்கும்.

காரணம் இல்லாத இந்த மரபை மரியோவே விட்டுவிட்டார். 2017-இல் வந்த சூப்பர் மரியோ ஒடிசியில் லைஃப் என்ற கணக்கே இல்லை, செத்தால் பத்து நாணயம் குறையும், அவ்வளவுதான். உங்கள் கேமில் லைஃப் இருந்தால், அது எதற்கு இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். என்னால் முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

இழப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014-இல் வந்த ஷவல் நைட்டில் செத்தால் பணத்தில் ஒரு பங்கு பைகளாக அந்த இடத்திலேயே மிதக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். அதைவிட அழகு அதன் செக்பாயிண்ட், அதாவது செத்தால் மறுபடி எழும் இடம். வேண்டுமானால் அதை உடைத்து உள்ளே இருக்கும் நகையை அள்ளலாம். உடைத்தால் அந்த செக்பாயிண்ட் போச்சு. தண்டனை எவ்வளவு வேண்டும் என்பதை ஆடுகிறவரே பேராசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே செத்தால் யாரைத் திட்டுவது?

கைக்கும் திரைக்கும் நடுவே கஞ்சத்தனம்

தவறுகளிலேயே அதிகம் கண்ணில் படாதது இதுதான். நான் அதிகம் செய்ததும் இதைத்தான். கணக்குப்படி சரியாக எழுதிய புரோகிராம், ஆடுகிறவர் கையில் அநியாயமாகத் தெரியும்.

மேடை விளிம்பிலிருந்து குதிக்கிறீர்கள் என்று வையுங்கள். முடிந்தவரை தூரம் போக வேண்டும் என்பதால் கடைசிக் கணம்வரை காத்திருந்து பட்டனை அழுத்துகிறோம். அதற்குள் கால் விளிம்பைத் தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரைக் கேட்டால் "தரையில் இல்லை, குதிக்க முடியாது" என்கிறது. ஆடுகிறவரோ "நான் அழுத்தினேனே!" என்று கத்துகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

2018-இல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் மற்றவர்களும் வெளியிட்ட செலஸ்ட், மிகக் கடினமான கேம் என்று பெயர் வாங்கியது. உள்ளே பார்த்தால் ஆடுகிறவருக்கு அது தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி ஆன பிறகு அழுத்தினாலும் குதிக்க விடும். கார்ட்டூனில் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கு மலை முனையைத் தாண்டி ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே, அதை வைத்து இதற்குக் கொயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பட்டனை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்க வைக்கும். மேலே எழும்போது தலை ஒரு கட்டையின் மூலையில் சில பிக்சல் இடித்தால், சத்தமில்லாமல் பக்கவாட்டில் தள்ளிவிட்டு வழி கொடுக்கும். சுவரிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தாலும் சுவரைத் தொட்டதாகவே கணக்கு. இதையெல்லாம் ஆடுகிறவர் கவனிப்பதே இல்லை. "நான் கெட்டிக்காரன்" என்று மட்டும் தோன்றும். கடினமான லெவல் வைக்க வேண்டுமென்றால் கட்டுப்பாட்டில் தாராளமாக இருக்க வேண்டும் என்பதை நான் செலஸ்ட் பார்த்துத்தான் கற்றேன்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம். 1996-இன் கிராஷ் பாண்டிகூட் 2017-இல் புதுப் பொலிவோடு மறுபடி வந்தது. பழைய ரசிகர்கள் முதல் கேமின் பாலம் கட்டிய லெவல்களில் விழுந்துகொண்டே இருந்தார்கள். வயசாகிவிட்டது என்று பலர் தங்களையே நொந்துகொண்டார்கள். பிறகு வெளியீட்டாளர்களே விளக்கினார்கள்: மூன்றாம் கேமின் கையாளும் முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டதாலும், மோதலைக் கணக்கிடும் முறை மாறியதாலும், முதல் கேமின் சில தாவல்களுக்குக் கூடுதல் துல்லியம் தேவைப்படுகிறது என்று. லெவலில் ஒரு பலகைகூட நகரவில்லை. கால் மட்டும் மாறியது.

தெரிய வழியில்லாத சாவு

1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாவது சூப்பர் மரியோ பிரதர்ஸில் விஷக் காளான் உண்டு, முன்னே கொண்டுபோகாமல் பழைய லெவலுக்குப் பின்னோக்கி இழுத்துச் செல்லும் வார்ப் என்ற குறுக்குவழி உண்டு. அமெரிக்காவுக்கு இது ஒத்துவராது என்று அங்கே வேறொரு கேமுக்கு மரியோ வேஷம் போட்டு இரண்டாம் பாகம் என்று விற்றார்கள். அசல், 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் 1993-இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஏமாற்று வேலை எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2007-இன் 'ஐ வான்னா பி த கை' முழுக்க முழுக்க ஏமாற்றுதான். மரத்தின் கீழ் போனால் பழம் தலையில் விழும். சரி என்று மேலே தாண்டினால் பழம் மேல்நோக்கி விழும். ஆனால் அது தன்னை ஒரு நையாண்டியாகவே முன்வைக்கிறது, ஆடுகிறவரும் சிரிக்கத்தான் வருகிறார். சாதாரணக் கேமில் அதைச் செய்தால் ஒரு முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை எந்த மேடையையும் நம்ப மாட்டார்கள், ஒவ்வொரு அடியும் ஆமை வேகத்தில்தான் போகும்.

பாஸைவிடப் பாதை நீளமாக இருப்பது

ஹாலோ நைட்: சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்ததும் எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் உயிரை முகமூடிகளாக எண்ணுவார்கள். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு முகமூடிகளைப் பறிக்கிறார்கள், ஆரம்பத்தில் நம்மிடம் இருப்பதே ஐந்து. சில வாரங்களுக்குள் வந்த முதல் திருத்தத்தில் தொடக்கப் பகுதி பாஸ்கள் இரண்டின் கடுமையை, கேமைச் செய்த டீம் செர்ரி லேசாகக் குறைத்தது. "திறமை இல்லாதவர்கள் அழுகிறார்கள்" என்று ஒரு கூட்டம், "இது கொடுமை" என்று இன்னொரு கூட்டம்.

எனக்கு இரட்டை அடியில் குறை இல்லை. அது என்னைக் கவனமாக ஆட வைத்தது. கடுப்பேற்றியது, 'லாஸ்ட் ஜட்ஜ்' என்ற பாஸிடம் தோற்ற ஒவ்வொரு முறையும், செத்தால் மறுபடி எழும் இடமான பெஞ்சிலிருந்து அங்கே ஓடிய ஓட்டம்தான். முதல் இரண்டு ஓட்டத்தில் வழியைக் கற்றேன். மூன்றாவதிலிருந்து இம்போசிஷன். அதே கேமில் உட்கார்ந்தால் அடிக்கும் பொறி வைத்த பெஞ்ச் ஒன்று இருக்கிறது, அதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். இந்த இரண்டையும் ஒரே "கஷ்டம்" என்ற மூட்டையில் கட்டினால் விவாதம் எங்கும் போகாது.

கப்ஹெட் என்ற கேம் இதில் வேறு மாதிரி. தோற்றதும் ஒரு கோடு வரும், பாஸை முடிக்க இன்னும் எவ்வளவு தூரம் என்று அதில் தெரியும். கொடி நுனியில் இருக்கும்போது எவன் எழுந்து போவான்?

உதவியை அவமானமாக்குவது

நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீயில் ஒரு லெவலில் எட்டு முறை செத்தால் பச்சைக் கட்டை வரும், அடித்தால் மரியோவின் தம்பி லுயிஜி ஆடிக் காட்டுவார். செலஸ்டில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமல் இருக்கலாம். அதற்கு முதலில் 'சீட் மோடு' (ஏமாற்று முறை) என்று பெயர் வைத்திருந்தார்கள், அப்புறம் 'அசிஸ்ட் மோடு' (உதவி முறை) ஆனது. என் கேமில் நான் வைத்த பெயர் 'பாப்பா மோடு'. அக்கா மகன் அதைத் தொடவே இல்லை, லேப்டாப்பைத்தான் தள்ளினான்.

அவனிடம் மறுபடி கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தேன். நானே ஆயிரம் தடவை ஆடியதால் எனக்குச் சுலபமாகத் தெரிந்த முதல் பள்ளத்தில் பதினாறு முறை விழுந்தான். செக்பாயிண்ட் இப்போது அதற்கு முன்னாலேயே இருந்தது. பதினேழாவது முறை தாண்டிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த முள்ளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.