தொடர்மாடிக் கூரையில் ஒலித்த வானொலி: அனுமதிப்பத்திரம் இல்லாத நிலையமொன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்த ஒரு தொண்ணூறு நிமிடக் கசெற்றிலிருந்து இந்த வேலை தொடங்கியது. லண்டனுக்குப் போன மாமா, கடிதம் எழுதுவதற்குப் பதிலாகத் தமது குரலைப் பதிவு செய்து அனுப்பிய கசெற் அது. இருபது நிமிடமளவில் அவருடைய பேச்சு முடிந்ததும், நாடாவில் முன்பு பதிவாகியிருந்த வானொலி நிகழ்ச்சியொன்று நடுவிலிருந்து ஒலிக்கத் தொடங்குகிறது: கனத்த தாளம், அதன் மேல் விரைந்து பேசும் ஓர் இளைஞனின் குரல், ஒரு தொலைபேசி எண், பிறகு இரைச்சல். அது லண்டனின் தொடர்மாடிகளில் அனுமதிப்பத்திரமின்றி இயங்கிய நிலையங்களுள் ஒன்றின் ஒலி என்பதை அறிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அத்தகைய கசெற் ஒன்றை வைத்திருந்து, அதன் பின்னால் உள்ள வரலாற்றை எழுத விரும்புவோருக்காக, நான் பின்பற்றிய முறையை இங்கே விளக்குகிறேன்.

பைரேட் ரேடியோ என்று அழைக்கப்படும் இந்நிலையங்கள் கூட்ட அறிக்கையோ கணக்குப் புத்தகமோ வைத்திருப்பது அரிது, ஏனெனில் எழுதிவைத்த ஒவ்வொரு தாளும் நீதிமன்றத்தில் சான்றாகக்கூடும். ஆகவே நிலையத்தின் சொந்த ஆவணங்களைத் தேடி நாட்களைச் செலவிட வேண்டாம். முதலில் அரசு அந்த ஒலிபரப்புக்கு எப்போது, எவ்வாறு பதிலளித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே காலவரிசையின் முதுகெலும்பாக அமையும். 1964 மார்ச்சில் ரேடியோ கரோலைன் பிரித்தானியக் கடல் எல்லைக்கு வெளியே நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. 1967 ஆகஸ்டில் அத்தகைய கப்பல்களுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே பிபிசி, இளைஞர் இசைக்கென ரேடியோ 1 என்ற சேவையைத் தொடங்கியது. பின்னர் இந்த ஒலிபரப்பு நகரங்களுக்குள் பரவியது. 1985 இல் லண்டனில் அனுமதியின்றித் தொடங்கிய கிஸ் எஃப்எம் நிலையம், உரிமம் கோருவதற்காக 1988 இன் இறுதியில் தானே ஒலிபரப்பை நிறுத்தி, 1990 செப்டெம்பர் 1 அன்று சட்டபூர்வமான நிலையமாகத் திரும்பியது. 1994 இல் கிழக்கு லண்டனில் தோன்றிய ரின்ஸ் எஃப்எம் உரிமம் பெறுவதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொழும்பில் இருக்கும் நமக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. 1950 களில் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, இந்திய நேயர்கள் தங்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை நமது இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினார்கள். 1957 ஒக்டோபரில் அந்த அரச வானொலியின் விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவை தொடங்கப்பட்டது அதற்கான பதிலேயாகும். இலங்கை வானொலி முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்ட நிலையம், ஆயினும் தமக்கு மறுக்கப்பட்ட இசையை நேயர்கள் வேறோர் இடத்தில் தேடிக்கொண்ட விதம் ஒன்றே. எனவே அந்த வானொலி நாட்களைப் பற்றி நமது தாத்தா பாட்டியரிடம் எப்படிக் கேட்கலாம் என்று பழகிக்கொண்டவர்களுக்கு லண்டன் நேயர்களிடம் கேட்பது எளிதாக வரும்.

இனி நாடாவுக்கு வருவோம். இதுவே மிகுந்த கவனம் வேண்டும் பகுதி. கொழும்பின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்த நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருந்தால் அதை உடனே இயக்காதீர்கள். அந்தப் பூஞ்சணம், கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஒலித்தலைக்கும், அங்கிருந்து அடுத்த நாடாவுக்கும் பரவும். பூஞ்சணம் இல்லாத நாடாவை முதலில் முழுவதுமாக முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றித் தளர்த்துங்கள். நாடாவை ஒலித்தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத்துண்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கசெற்றுகளில் ஒலி மங்குவதற்கு அதுவே அடிக்கடி காரணமாகிறது. கசெற்றின் மேல் விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன் மீது பதிவு செய்ய முடியாது. ஒலித்தலையை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடைத்து, உயர் ஒலிகள் தெளிவாகக் கேட்கும்வரை அதன் சாய்வைச் சீர்செய்து, 24 பிட் தரத்தில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்கிய பிரதி வேண்டுமானால் அதைத் தனியாக உருவாக்குங்கள். மூலப் பதிவில் ஒரு வினாடியையும் வெட்டக் கூடாது. பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சையும் விளம்பரத்தையும் அழித்துவிட்ட பல தொகுப்புகளைக் கண்டிருக்கிறேன். பாடலை எங்கும் பெறலாம், ஆனால் அந்தப் பேச்சு அந்த ஒரு நாடாவில் மட்டுமே உள்ளது என்பதை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

திகதியைக் கண்டுபிடிக்க உதவுவதும் அந்தப் பேச்சே. ஒரு பாடல் வெளியான ஆண்டு, ஒலிபரப்பு அதற்கு முன் நடந்திருக்க முடியாது என்பதை மட்டும் சொல்லும். தொலைபேசி எண்ணோ இரு பக்கமும் எல்லை வகுக்கும். லண்டனுக்கு 01 என்றிருந்த குறியீடு 1990 மே 6 அன்று 071, 081 என இரண்டாகப் பிரிந்தது. 1995 ஏப்ரலில் அவை 0171, 0181 ஆயின. 2000 ஏப்ரலில் 020 வந்தது. மாமாவின் கசெற்றில் அந்த இளைஞன் 081 என்று சொல்வதால், நிகழ்ச்சி 1990 மே மாதத்துக்கும் 1995 ஏப்ரலுக்கும் இடைப்பட்டதாகிறது. அதன் மேல் பதிவாகியுள்ள தமது பேச்சில் மாமா, அக்கா அவ்வாண்டு எழுதவிருந்த சாதாரண தரப் பரீட்சையைப் பற்றிக் கேட்கிறார். அவள் அதை எழுதியது 1992 டிசம்பரில். ஆகவே வானொலிப் பதிவு அதற்கும் முந்தியது. ஐந்தாண்டு இடைவெளி இவ்வாறு இரண்டரை ஆண்டாகச் சுருங்கிற்று. ஆயினும் பழக்கத்தால் பழைய குறியீட்டைச் சொல்வோரும் இருந்திருப்பர் என்பதால், ஒரே தடயத்தை நம்பி ஆண்டைக் குறிக்கக் கூடாது.

இடத்தைக் கண்டறிவதற்குப் பண்பலையின் இயல்பு துணைபுரியும். அது ஏறக்குறைய கண்பார்வைக் கோட்டில் செல்வதால், இருபது மாடிக் கூரையில் ஏற்றிய சிறிய ஒலிபரப்புக் கருவியும் பல மைல் தொலைவுக்கு எட்டும். நிகழ்ச்சி நடத்தப்பட்ட அறை வேறொரு கட்டடத்தில் இருக்கும். அங்கிருந்து நுண்ணலை போன்ற இணைப்பால் கூரைக்கு ஒலி சென்றது. அதிகாரிகள் கூரையிலுள்ள கருவியைப் பறிமுதல் செய்தாலும் அறை தப்பிக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆகவே, "நிலையம் எங்கே இருந்தது?" என்று ஒருமையில் கேட்டால் பிழையான விடையே கிடைக்கும். நேயர்களிடம் எந்தத் தெருவில் தெளிவாகக் கேட்டது, எங்கே மங்கியது என்று கேட்டு நிலப்படத்தில் குறியுங்கள். புள்ளிகள் சேரச் சேரக் கூரை இருந்த திசை புலப்படும்.

ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி போன்ற பகுதிகளில் நம்மவர் பலர் வாழ்வதால், கொழும்பிலிருந்தபடியே தொலைபேசியில் நேர்காணல் செய்யலாம். "அந்த வானொலியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் எவரும் திகைப்பர். கசெற்றின் ஒரு நிமிடத்தை ஒலிக்கவிட்டு, "மாமா, அப்போது நீங்கள் எந்த வீட்டில் இருந்தீர்கள், ரேடியோ எந்த அறையில் இருந்தது?" என்று கேளுங்கள். என் மாமா முதலில், "தம்பி, அது வெறும் சத்தம், அதை விடு" என்றார். சமையலறை யன்னலில் கம்பியைக் கட்டி அந்த நிலையத்தைப் பிடித்த அறைத்தோழர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபின் ஒரு மணிநேரம் நிறுத்தவில்லை.

பெயர்களை வெளியிடும் முன் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். அனுமதியற்ற ஒலிபரப்பு அங்கே குற்றமாதலால், அறிவிப்பாளர்களை அவர்கள் வானலையில் பயன்படுத்திய புனைபெயரால் மட்டுமே குறிப்பது முறை. இந்த எச்சரிக்கை நம் ஊருக்கும் பொருந்தும். போர்க்காலத்தில் எந்த ஒலிபரப்பைக் கேட்டோம் என்பதே அச்சத்துக்குரிய கேள்வியாக இருந்தது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு முதியவர் அதைப் பற்றிப் பேசத் தயங்கினால், அவரை வற்புறுத்தாமல் அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள்.

அரச ஆவணங்களைப் பொறுத்தவரை, பிரித்தானிய நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விவாதங்களை அங்கே வாசிக்கலாம். இலங்கை வானொலி பற்றிய ஒப்பீட்டுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களையும், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தையும், நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். இங்குள்ள அரச நிறுவனமொன்றின் பதிவேடு தேவைப்பட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும்.

எழுதும்போது ஒவ்வொரு செய்தியும் நாடாவிலிருந்து வந்ததா, நினைவிலிருந்து வந்ததா, ஆவணத்திலிருந்து வந்ததா என்பதை வாக்கியத்திலேயே தெரிவியுங்கள். "நாங்கள்தாம் முதலாவது நிலையம்" என்று ஏறத்தாழ எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொன்னவரின் கூற்றாகவே பதியுங்கள். வேலை முடிந்ததும் மூலக் கோப்பின் பிரதிகளை இரு வேறு இடங்களில் வைத்து, கசெற்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். நேர்காணல் தந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய குரலின் ஒரு பிரதியை அனுப்புங்கள். மாமாவுக்கு நான் அனுப்பிய கோப்பில் அவருடைய பழைய இருபது நிமிடப் பேச்சும், அதைத் தொடர்ந்து வரும் அந்த இளைஞனின் குரலும், இரைச்சல் உட்பட, வெட்டப்படாமல் இருந்தன.