கீறல் விழுந்த சிடியை வீட்டுப் பொருள்களைக் கொண்டே மீட்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கிறது. ஈரக்காற்றும் செம்மண் புழுதியும் எந்தப் பொருளையும் விட்டுவைப்பதில்லை. அப்பா ஒரு தைப்பூசத்துக்கு வாங்கிய நாதஸ்வர சிடி மூன்றாவது கீர்த்தனையில் திக்கத் தொடங்கியது. அதை இப்படித்தான் மீட்டேன்.

முதலில் சிடியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். ஊசித்துளைபோல வெளிச்சம் தெரிந்தால் அங்கே பிளேயரின் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியப் படலம் உரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை. பெயர் அச்சிட்ட பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே அலுமினியம் இருக்கிறது. பளபளக்கும் பக்கத்திலோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கனமான பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. ஆகவே கீழ்ப்பக்கக் கீறலைத்தான் நாம் தொடப்போகிறோம்.

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, குழாய்நீர், விரல்நுனி. இவ்வளவிலேயே பல சிடிகள் பாடத் தொடங்கிவிடும்.

அடுத்தது துடைப்பது. இங்கேதான் நான் தவறினேன். தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைத்து, அம்மாவின் தேவார சிடியைப் பாடாமலே செய்துவிட்டேன். இன்றும் அது மனத்தை அறுக்கிறது. சிடியில் இசை உள்ளிருந்து வெளியே செல்லும் சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. தடத்தின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் பிளேயர் கணக்கிட்டு ஈடுகட்டிவிடும். வட்டமாக விழும் கீறலோ தடத்தோடு கூடவே நீண்டு அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவே அழிக்கிறது. எனவே நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு, சக்கரத்தின் ஆரக்கால்போல நேராகத் துடையுங்கள். துணிக்கு என் தேர்வு பழைய பருத்தி வேட்டி. டிஷ்யூ தாள் வேண்டவே வேண்டாம், அது புதுக்கீறல் போடும்.

கீறல் இன்னும் தடுத்தால் வெள்ளைப் பற்பசையை உளுந்தளவு எடுத்து, அதே திசையில் ஐந்தாறு நிமிடம் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஜெல் வகை பயன்படாது, அரைக்கும் தன்மை அதில் குறைவு. பசை கீறலின் கூர் ஓரங்களை மழுக்குவதால் லேசர் ஒளி சிதறாமல் போய்வருகிறது. தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்து விரிசல்விட வைக்கும்.

விளிம்பில் பச்சை மை பூசினால் ஒலி இனிமையாகும் என்று சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. சிடியில் இசை எண்களாகப் பதிந்திருக்கிறது; பிழையின்றிப் படிக்கப்பட்டால் அந்த எண்கள் மாறுவதில்லை, ஒலியும் மாறாது. ஈடுகட்ட முடியாத இடங்களைப் பிளேயர் ஊகித்து நிரப்பும்போதோ மௌனமாக்கும்போதோதான் இசை கெடுகிறது. நாம் மீட்பது அந்த இடங்களை மட்டுமே.

பின்சேர்க்கை: பாகாவிலிருந்து ஒரு வாசகர், கழுவிய சிடியை வெயிலில் காயவைத்ததாக எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். வீட்டில் பதிவுசெய்த சிடிகளில் இசை சாயப் படலத்தில் இருக்கிறது, வெயில் அதைக் கெடுக்கும். நிழலில் உலர்த்தி, பாடிய அன்றே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். அப்பாவின் மூன்றாவது கீர்த்தனையை நான் அன்றிரவே பிரதி எடுத்துவிட்டேன்.