உச்சி தெரிகிறதா? டாப்பர் வாங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

தை மாதம் ஒரு கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்தது. மேலிருந்து எடுத்த படம் ஒன்றில் அண்ணி குனிந்து அட்சதை எடுக்கிறார். வகிடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மண்டைத் தோல் பளிச்சென்று தெரிகிறது. அண்ணி ஒன்றும் பேசாமல் ஆல்பத்தை மூடிவிட்டார். மறுவாரம் என்னிடம் வந்து, "நீ தலையில் வைத்துக்கொள்கிறாயே, அதுபோல எனக்கும் ஒன்று வாங்கித் தா" என்றார்.

நான் நான்கு வருடமாக டாப்பர் என்ற உச்சிப் பொய்முடியை வைக்கிறேன். முதலில் வாங்கியது அலமாரியில் கிடக்கிறது. இடுப்பு வரை முடி புரளும் விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது அது. நீளம் இருந்தது, பளபளப்பு இருந்தது, என் உச்சியை மூடும் அகலம் மட்டும் இல்லை. அண்ணியும் அதே தவற்றைச் செய்யக் கூடாது என்பதற்காக அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொய்முடி நமக்குப் புதிதல்ல. சவுரி வைத்துப் பின்னிய பாட்டிமார் எல்லா வீட்டிலும் இருந்திருப்பார்கள். ஆனால் சவுரி பின்னலுக்கு நீளமும் பருமனும் தரும், உச்சியை மூடாது. உள்ளங்கை அளவுள்ள வலைத்துணியில் முடியைக் கோத்து, அடியில் கிளிப் தைத்து, உச்சந்தலையில் மாட்டிக்கொள்வதுதான் டாப்பர். அந்தத் துணியைக் கடைக்காரர்கள் 'பேஸ்' என்பார்கள். டாப்பர் உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது இந்த பேஸ்தான். முடியெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில்: இப்போதே வாங்க வேண்டுமா?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பிரசவம், டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் நின்று, முடி திரும்ப முளைக்கும். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிட்டுக் காத்திருங்கள். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது பூச்சிவெட்டாக இருக்கலாம். அதற்கும், புண், அரிப்பு, செதில் இருந்தாலும் முதலில் தோல் மருத்துவர், பிறகுதான் டாப்பர்.

வருடக்கணக்கில் வகிடு மெல்ல மெல்ல அகன்றுகொண்டே வருகிறது, நெற்றி ஓரத்து முடி மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அது பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977-இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். முதல் இரண்டு நிலைகளில் இருப்பவர்களுக்கு டாப்பர் கச்சிதமாகப் பொருந்தும். உச்சி முழுவதும் வெறுமையாகிவிட்ட மூன்றாம் நிலையில் பெரிய பேஸ் வேண்டும். கீமோ சிகிச்சையில் மொத்த முடியும் கொட்டுபவர்களுக்கு டாப்பர் உதவாது. கிளிப் கவ்விப் பிடிக்க முடி வேண்டுமே! அவர்களுக்கு முழு விக்தான் சரி.

அளவெடுப்பது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். தையல் இஞ்ச் டேப், கண்ணாடி போன்ற ஒரு பாலித்தீன் கவர், மார்க்கர் பேனா, கூடவே ஓர் ஆள் தேவை. தலைக்குக் குளித்துக் காய்ந்த முடியில்தான் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தலையில் முடி ஒட்டிக்கொண்டு, இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

வழக்கமான வகிட்டை எடுத்துக்கொண்டு ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்காருங்கள். கூட இருப்பவர் மேலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். இந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

பிறகு கவரைத் தலைமேல் இறுக்கமாக விரித்து, தோல் தெரியும் பகுதியைச் சுற்றி மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். அதன் நீளத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அண்ணிக்கு முன்னிருந்து பின்னாக 4.5 அங்குலம், பக்கவாட்டில் 3 அங்குலம் வந்தது.

அந்த அளவிலேயே வாங்கினால்தான் வம்பு. கிளிப்புகள் பேஸின் ஓரத்தில் இருக்கும். பேஸ் சொட்டையின் அளவுக்குச் சரியாக இருந்தால், கிளிப் போய்க் கவ்வுவது ஏற்கெனவே மெலிந்து நிற்கும் முடியைத்தான். தினமும் எட்டு மணி நேரம் அந்த முடியை இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் வேரோடு போகும். சொட்டையை மறைக்க வாங்கிய பொருள் சொட்டையை அகலமாக்கிய கதை என்னுடையது. ஆகவே நான்கு பக்கமும் அரை அங்குலமாவது கூட்டுங்கள். அண்ணியின் கணக்கு 5.5-க்கு 4 ஆனது. விற்பனைக்கு வருபவை குறிப்பிட்ட அளவுகள்தான் என்பதால் அதற்கு அடுத்த பெரிய அளவை எடுத்தோம்.

கிளிப் விழப்போகும் இடங்களையும் சோதித்துவிடுங்கள். குழந்தைகளுக்குக் குத்துவோமே, அழுத்தினால் 'டிக்' என்று மூடிக்கொள்ளும் கிளிப், அதில் நான்கை எடுத்து அந்த நான்கு இடங்களில் குத்திக்கொண்டு வீட்டு வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நழுவினாலோ, வலித்தாலோ அந்த இடம் தாங்காது. இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பாருங்கள்.

பேஸில் எந்த வகை?

முடி ஓரளவு இருக்கிறது, அடர்த்திதான் குறைவு என்றால் வரிவரியாக நாடா தைத்த திறந்த பேஸ் போதும். காற்று போகும், விலையும் குறைவு. ஆனால் அதில் வகிடு எடுத்தால் தையல் தெரியும்.

'மோனோ' என்பது மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டது. எந்தப் பக்கமும் வகிடு எடுக்கலாம். 'சில்க் பேஸ்' என்றால் முடிச்சுகள் உள்ளே மறைந்து, வகிடு அச்சாகத் தோல் போலவே தெரியும். ஆனால் அது கனமானது. சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் வியர்வை காதோரம் வழியும். தினமும் வெளியே போகிறவர்களுக்கு மோனோவும், விசேஷங்களுக்கு மட்டும் வைப்பவர்களுக்கு சில்க்கும் என்பது என் கட்சி.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயம், பேஸ் துணியின் நிறம். பல டாப்பர்களில் அது வெளிர் நிறத்தில் இருக்கும். நம் மாநிறத் தலையில் அந்த வகிடு சுண்ணாம்புக் கோடு போலத் தெரியும். பழுப்பு நிறத் துணி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் நிறத்துக்கு ஏற்ற காம்பேக்ட் பவுடரை வகிட்டின் மேல் லேசாக ஒற்றினால் அடங்கிவிடும்.

குங்குமம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேஸில் குங்குமம் பட்டால் கறை போகவே போகாது. டாப்பரை நெற்றி முடியிலிருந்து அரை அங்குலம் தள்ளித்தான் மாட்டுவோம். அந்த அரை அங்குலத்தில் உங்கள் சொந்த வகிடு இருக்கிறது. குங்குமம் அங்கே இருக்கட்டும்.

முடி எங்கிருந்து வந்தது?

'ரெமி' என்றால் வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி கொத்தாக வெட்டிச் சேர்த்த முடி. திருமலையிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் போவது தெரிந்ததுதானே, நீளமான ரெமி முடி அப்படித்தான் சந்தைக்கு வருகிறது. இன்னொரு வகை, "சிக்குமுடி இருக்கா?" என்று தெருவில் வந்து எடைக்கு வாங்கிப் போகிறார்களே, அந்தச் சீப்பு முடி. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரைபோல் செதில்கள் உண்டு. திசை மாறிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்பதால் அமிலத்தில் போட்டு அவற்றைக் கரைத்து, மேலே சிலிகான் பூசி விற்பார்கள். கடையில் பட்டுப் போல இருக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய், தேங்காய் நார்தான் மிஞ்சும்.

சோதிப்பது எளிது. நான்கைந்து முடியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு என்றால் சந்தேகப்படுங்கள். மனித முடியா, செயற்கை இழையா என்ற சந்தேகம் இருந்தால் உதிர்ந்த ஒற்றை முடியைக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி தீய்ந்த நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை இழை உருகி மணிபோல் உருளும்.

செயற்கை இழை தீண்டத்தகாதது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வேண்டும் என்றால் போதும். ஆனால் அதற்குச் சாயம் ஏறாது, சாதாரண வகைக்குச் சூடு காட்டக் கூடாது, வெயிலில் பொம்மை முடிபோல் மின்னும்.

நிறமும் நீளமும் அடர்த்தியும்

நிறத்தை எண்ணில் சொல்வார்கள். 1 என்பது சாயம் போட்ட கன்னங்கரிய நிறம். 1பி இயற்கைக் கறுப்பு, நம்மில் பலருக்கு இதுதான். 2 என்றால் அடர் பழுப்பு. ட்யூப் லைட்டில் எல்லாமே கறுப்புதான். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் உங்கள் முடியின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், டாப்பர் முடி கலப்பது அங்கேதான். மருதாணி போடுபவர்களின் முடி வெயிலில் செம்மை காட்டும், அதையும் கடையில் சொல்லிவிடுங்கள். குழப்பமாக இருந்தால் ஒரு படி வெளிறிய நிறத்தையே எடுங்கள். மனித முடியைக் கறுப்பாக்குவது சுலபம், வெளுக்க வைப்பது பாடு.

நீளத்தில் பின்னல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோள் வரை வரும் டாப்பரைப் பின்னலில் சேர்த்தால் இரண்டாவது புரியிலேயே நுனிகள் முள்ளம்பன்றிபோல் எட்டிப் பார்க்கும். பின்னலுக்கு 18 அங்குலமாவது வேண்டும். கொண்டைக்கும் விரித்த முடிக்கும் 14 போதும். நீளம் கூடினால் கனம் கூடும், கனம் கூடினால் கிளிப் இழுக்கும். ஆசையை அடக்கத் தெரிய வேண்டும்.

அடர்த்தியும் அப்படித்தான். 120, 130, 150 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். நாற்பதைத் தாண்டியவர் உச்சியில் 150 வைத்தால் பக்கத்து முடிக்கும் அதற்கும் ஒட்டாமல் தொப்பி வைத்ததுபோல் இருக்கும். குறைவானதை எடுங்கள்.

வாங்கும்போது திருப்பித் தரும் விதியை முழுதாகப் படியுங்கள். வெட்டியதையும் அலசியதையும் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். சீட்டைப் பிய்க்காமல் பகல் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்து, நிறமும் அளவும் சரி என்றால் மட்டும் அழகு நிலையத்துக்கு எடுத்துப்போய் முன்பக்கத்தை உங்கள் முகத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளுங்கள்.

மாட்டும் முறை

சிக்கெடுத்து வகிடு எடுங்கள். எல்லாக் கிளிப்பையும் திறந்துகொள்ளுங்கள். நெற்றி முடியை அரை அங்குலம் விட்டு, டாப்பரின் வகிடும் உங்கள் வகிடும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து முதலில் முன் கிளிப்பை அழுத்துங்கள். பிறகு பேஸைப் பின்னால் தட்டையாக நீவிப் பின் கிளிப், கடைசியில் பக்கக் கிளிப்புகள். விட்டுவைத்த நெற்றி முடியை அதன்மேல் வாரிவிட்டால் ஓரம் மறைந்துவிடும். கிளிப் பிடிக்கும் இடத்தை நாளுக்கு நாள் ஒரு நூல் மாற்றிக்கொள்ளுங்கள்.

மல்லிகைச் சரத்தைச் சொந்தப் பின்னலில் குத்துங்கள், டாப்பரில் தொங்கவிட வேண்டாம். ஹெல்மெட் போடும் முன் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, கழற்றும்போது நேர் மேலாகத் தூக்குங்கள். தூங்கும்போதும் குளிக்கும்போதும் டாப்பர் தலையில் இருக்கக் கூடாது. முடி வளர மினாக்சிடில் மருந்து போடுபவர்கள் அதை இரவுக்கு வைத்துக்கொண்டால் காலையில் காய்ந்த தலையில் மாட்டலாம். எண்ணெய் தேய்ப்பதும் அப்படியே, முந்தைய இரவோடு சரி.

பத்துப் பதினைந்து முறை மாட்டிய பிறகு ஒருமுறை அலசினால் போதும். மென்மையான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து, கசக்காமல் மேலிருந்து கீழாக மட்டும் நீவி, துண்டில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். கண்டிஷனர் நுனிகளுக்கு மட்டும். பேஸில் பட்டால் முடிச்சு தளர்ந்து முடி கழன்று வரும்.

விசேஷத்துக்கு என்று வாங்கினாலும் அன்றைக்கு முதல்முறையாக மாட்டாதீர்கள். அண்ணி முதலில் வீட்டுக்குள் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் காய்கறிக் கடைக்குப் போனார். கடைக்காரர் தக்காளி விலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லையாம். அன்று மாலை அதே ட்யூப் லைட்டின் கீழ் அவரை உட்கார வைத்து மேலிருந்து இன்னொரு படம் எடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே" என்றார். நின்றதுதான். பக்கக் கிளிப்பைக் கழற்றிக் கால் அங்குலம் கீழே இறக்கிக் குத்தினோம்.