பார்க்கின்சன்: மெதுவா நடந்தா விழமாட்டாங்கன்னு நினைக்கிறது தப்பு

வீட்ல பார்க்கின்சன் (நடையையும் அசைவையும் கெடுக்கிற மூளை நோய்) பேஷண்ட் இருந்தா இந்த ரெண்டும் தினமும் காதுல விழும். "சீக்கிரம் வாங்கப்பா, ஆட்டோ நிக்குது" ஒண்ணு, "பாத்துப்பா, மெதுவா மெதுவா" இன்னொண்ணு. ரெண்டுமே பிரயோஜனம் இல்ல. அவசரப்படுத்தினா அடி இன்னும் குட்டையாகி, உடம்பு முன்னாடி சாஞ்சு குடுகுடுன்னு ஓட ஆரம்பிச்சு நிறுத்த முடியாம விழுவாங்க. சரி மெதுவா போனா? அவங்க மெதுவா போறது ஜாக்கிரதையில இல்லைங்க, மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் கொறைஞ்சு அடியோட நீளமே சுருங்கிப்போச்சு, கால் தரையை ஒரசிக்கிட்டே வருது, வாசல்ல போடற சின்ன கால்மிதி தடுக்கினாலும் போதும், விழுந்துடுவாங்க. அதனால வேகத்தைப் பத்தி பேசாம "காலை எட்டி வைங்க, குதிகால் முதல்ல படட்டும்"னு சொல்லிப் பாருங்க, வேகம் தானா கொஞ்சம் கூடும்.

வேகத்தை அளந்து பாக்கலாம், அது வேற விஷயம். 10 மீட்டர் தூரம் குறிச்சு, அதுக்கு ரெண்டு மீட்டர் முன்னாடியே கிளம்பி, கோட்டைத் தாண்டியும் ரெண்டு மீட்டர் நடக்கச் சொல்லிட்டு, அந்த 10 மீட்டருக்கு மட்டும் போன்ல டைம் பாருங்க, பக்கத்துலயே ஒருத்தர் வரணும். 9 விநாடிக்கு மேல ஆனா விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் கீழன்னு அர்த்தம். இதோட போன ஒரு வருஷத்துல விழுந்திருக்காரா, போன ஒரு மாசத்துல கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னிருக்கா, இந்த ரெண்டையும் சேர்த்துதான் விழுற ஆபத்து எவ்வளவுன்னு பாக்கணும். நல்ல வேகம் இருக்குன்னு, ஏற்கனவே விழுந்தவரை தைரியமா விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, டாக்டர் ரூம்ல பலரும் ஜம்முனு நடப்பாங்க, வீட்டுக்கு வந்தா பழைய கதை. நடிப்பு இல்லைங்க அது. நடையில முழு கவனம் இருந்தா ஓரளவு சரியா வரும், கவனம் சிதறினா கெட்டுடும். அப்ப நடந்துக்கிட்டே பேசுறது, கையில காபி டம்ளரைக் குடுத்து ஹால்ல இருந்து கொண்டு வரச் சொல்றது எல்லாம் நாமளே வினையை இழுக்கிறதுதான். அதோட மாத்திரை வேலை செய்யற நேரத்துல ஒரு நடை, அது இறங்கின நேரத்துல வேற நடை, ரெண்டு நேரமும் அளக்கணும்.

கால் ஒட்டிக்கிட்டா கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, உடம்பு மட்டும் வரும், கால் வராது. நிக்கட்டும். மூச்சு விட்டு, எடையை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஆடி, "ஒண்ணு ரெண்டு"ன்னு எண்ணி பெரிய அடியா எடுக்கணும். நம்ம பாதத்தை அவங்க முன்னாடி குறுக்க வச்சு இதைத் தாண்டுங்கன்னா சிலர் உடனே தாண்டிடுவாங்க, பாத்ரூம் வாசல்ல கலர் டேப் ஒட்டுறதும் இதே கணக்குதான். திரும்பும்போது நின்ன இடத்துலயே சுத்தாம அரைவட்டமா நடந்து திரும்பணும், ஏன்னா ஒட்டிக்கிறது அங்கதான் ஜாஸ்தி.

ராத்திரி படுக்கையில இருந்து சட்டுனு எந்திரிக்கிறதும் டேஞ்சர். நிக்கும்போது ரத்த அழுத்தத்துல மேல் நம்பர் 20 பாயிண்ட் இறங்கினாலே தலை சுத்தலாம். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கட்டும்.

பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா மாத்திரையை பருப்பு, முட்டை, பாலோட சேர்த்துப் போட்டா சிலருக்கு சரியா ஏறாது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

பெரியவங்க விழுந்ததை மறைப்பாங்க, திட்டு விழும்னு. திட்டாம, எப்ப விழுந்தாரு, எங்க, கடைசி மாத்திரை எத்தனை மணிக்குன்னு ஒரு நோட்டுல எழுதி அடுத்த தடவை நியூரோ டாக்டர்கிட்ட நீட்டுங்க.