பூட்டிய ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லாக்கரில் பூட்டிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால், பதறாமல் கேன்சல் கொடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். புதுச்சேரி, கடலூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் கேபிள் முனை கறுத்துப்போவது சகஜம். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகக் கணினியில் செருகுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். போன மாதம் பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் சரியான பாஸ்வேர்டைத்தான் பத்து முறை அடித்தார். திறக்கவே இல்லை. அவருடைய லேப்டாப்பில் இருப்பது பிரெஞ்சுக் கீபோர்டு; இங்கே வந்தபின் யாரோ மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். 'ஏ' என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் 'க்யூ' விழுகிறது! பிரான்ஸ் சொந்தம் இருக்கும் நம்ம ஊரில் இதைக் கட்டாயம் பாருங்கள். தமிழ் கீபோர்டு போட்டிருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். நோட்பேடில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்ட் மறந்தே போச்சு என்றால் பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, பூட்டிய அன்று எடுத்த பிரிண்டிலோ தேடுங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் பொருந்துகிறதா பாருங்கள்.

கீ சரி, டிஸ்க்தான் பழுது என்றால் விண்டோஸிலேயே ‘ரிப்பேர்-பிடிஇ’ (repair-bde) என்ற மீட்புக் கருவி இருக்கிறது. மீட்டதை எழுத அதே அளவோ பெரியதோ ஆன வேறொரு காலி டிஸ்க் வேண்டும். அந்த இரண்டாவது டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எல்லாம் அழிந்துவிடும்.