ஊருக்குத் திரும்ப யோசிக்கிறீர்களா? முந்திக்கொண்டு செய்யக் கூடாதவை

80களிலும் 90களின் தொடக்கத்திலும் கனடாவுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இப்போது 60, 65 வயது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கல்யாணம் கட்டித் தனித்தனியே போய்விட்டார்கள். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஒரு மேசையிலாவது இந்தக் கதை ஓடும்: "இனி ஊரிலை போய் இருந்தால் என்ன?"

நியாயமான கேள்விதான். போய் நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். போய், கையைச் சுட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களோடு ஆறுதலாகக் கதைத்தால் ஒன்று விளங்கும். அவர்கள் செய்த காரியங்களில் பெரும்பாலானவை எப்படியும் செய்யவேண்டியவைதான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். வீட்டை விற்றார்கள், காணி வாங்கினார்கள், மாடி கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் அங்கே இருக்க முடியுமா என்று பார்த்தார்கள்.

திருவிழாவை நம்பி முடிவெடுப்பது

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணம் போனால் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் அங்கே நிற்கும். லண்டன் மச்சாள், பாரிஸ் சித்தப்பா, ஒஸ்லோவில் இருக்கும் பள்ளிக்கூடக் கூட்டாளி. ஒரு போன் அடித்தால் வான் வாசலில் வந்து நிற்கும். சாப்பாடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில். இந்த மூன்று நான்கு கிழமையை வைத்துக்கொண்டு முழு வருடத்தையும் கணிப்பதுதான் பலருடைய முதல் பிழை.

கொடி இறங்கிக் கொஞ்ச நாளில் அத்தனை பேரும் பிளேன் ஏறிவிடுவார்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை வரும். ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். மழையோடு டெங்கும் வரும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் மின்விசிறியும் இல்லாமல், தெருவில் ஒரு சனமும் இல்லாமல் பின்னேரம் வரைக்கும் குந்தியிருக்க வேண்டும். அந்த யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி.

ஒரு வாடகை வீடு எடுங்கள். சொந்தக்காரர் வீட்டு அறை வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம். ஐப்பசியில் போய்ப் பங்குனி வரைக்கும் இருங்கள். வெயில் தாங்குமா என்ற சந்தேகம் இருந்தால் அடுத்த தடவை சித்திரையில் போங்கள். காஸ் சிலிண்டரை நீங்களே மாற்றுங்கள். மின்சார பில்லை நீங்களே கட்டுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதத்துக்காகப் போய், "அந்த சேர் இண்டைக்கு லீவு, நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுத் திரும்பி வந்து, மறுநாளும் போங்கள். அதற்குப் பிறகும் ஊர் பிடித்திருந்தால், உண்மையாகவே பிடித்திருக்கிறது.

இந்தப் பரீட்சையால் கனடாவில் பெரிதாக எதையும் இழக்கவும் மாட்டீர்கள். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்தில் இருக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் ஜிஐஎஸ் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் நின்றுவிடும். ஆகவே ஆறு மாதத்துக்குள் முடித்துக்கொண்டு வந்தால் இரண்டுக்கும் பாதிப்பில்லை. இலங்கை விசாவை இடையில் நீடிக்க வேண்டியிருக்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கனடாக் கதவை முதலே பூட்டிவிடுவது

முதலில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அகதியாக வந்து, நிரந்தர வதிவிடம் எடுத்து, ஏதோ காரணத்தால் குடியுரிமை எடுக்காமல் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், ஊருக்குப் போய்த் தங்குவதும், "பாதுகாப்பு இனித் தேவையில்லை" என்று கனடா அரசாங்கம் வாதாட இடம் கொடுக்கும். 2012இல் சட்டம் மாறிய பிறகு அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் அகதி நிலை மட்டுமல்ல, நிரந்தர வதிவிடமும் போய்விடும். குடியுரிமை கையில் கிடைக்கும் வரைக்கும், ஒரு குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கட் போடாதீர்கள். அரசியல் செயற்பாடுகளில் பெயர் அடிபட்டவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. இலங்கையில் 1979ஆம் ஆண்டில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் எத்தனை குடும்பம் துன்பப்பட்டது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களும் முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற வேண்டும்.

அடுத்தது ஸ்காபரோ வீடு. அதை விற்ற காசு ரூபாயில் பார்க்கப் பெரிய தொகை. ஆனால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் அதே தெருவில் அதே விலைக்கு வீடு கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாடகைக்கு விடலாமே என்றால் விடலாம். ஆனால் வரிச் சட்டப்படி நீங்கள் கனடாவில் வதியாதவராகிவிட்டால், மொத்த வாடகையில் 25 வீதத்தைப் பிடித்து வரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். வதியாதவராகும் அன்று உங்கள் பங்குகள், முதலீடுகள் பலவற்றை விற்றதாகவே கணித்து வரி போடுவார்கள். கனடாவில் உள்ள வீடும், ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பியும் அந்தக் கணக்கில் வராது. வெளியே போன பிறகு டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் காசு போட்டால் மாதம் 1 வீதம் தண்டம். இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவைதான், போவதற்கு முன்னமே கணக்காளரோடு இருந்து பேசியிருந்தால்.

ஓய்வூதியக் கணக்கில்தான் பலர் வடிவாகப் பிழை விடுகிறார்கள். வேலை செய்து கட்டிய சிபிபி, உலகத்தில் எங்கே இருந்தாலும் வரும். 65 வயதில் வரும் ஓஏஎஸ், 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வாழ்ந்தவருக்கு மட்டும் வெளிநாட்டிலும் தொடரும். பிள்ளைகள் கூப்பிட்டு வந்த தாய் தகப்பனில் பலருக்கு அந்த 20 வருடம் இருக்காது. ஜிஐஎஸ் யாருக்கும் தொடராது. இப்போது மாதாமாதம் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து, "இது ஊரில் ராஜவாழ்க்கைக்குக் காணும்" என்று கணக்குப் போட்டவர்களின் கணக்கில் ஒரு பெரிய பங்கு இந்த ஜிஐஎஸ்தான்.

காசை ஒரே நாளில் ரூபாயாக மாற்றுவதும் வேண்டாம். 2022 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்றது. சில மாதங்களில் 360 வரை போனது. அந்த வருடம் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அதற்கு முன் முழுவதையும் ரூபாய் வைப்பில் போட்டவர்களின் சேமிப்பு பாதிக்குக் கிட்டக் கரைந்தது. நெருக்கடிக் காலத்தில் வங்கிகள் கொடுத்த 20 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியைக் கண்டு அது நெடுகக் கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கும் ஏமாற்றம்தான். வட்டி பிறகு மளமளவென்று இறங்கியது.

காணி தன்பாட்டில் கிடக்கும் என்று நினைப்பது

"அப்பாவின்ரை காணி அங்கை கிடக்குது" என்று சொல்லாதவர் இல்லை. காணி உறுதி எங்கே, யார் பெயரில், எத்தனை பரப்பு, எல்லையில் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இலங்கைச் சட்டத்தில், உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக, இடையூறில்லாமல் ஒருவர் பத்து வருடம் காணியை ஆண்டுவிட்டால் அவர் உரித்துக் கோரலாம். போரால் ஊருக்கு வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்றது. அதைக் கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2009க்குப் பிறகே பத்து வருடம் தாண்டிவிட்டது. காணியில் யாரையாவது இருத்தியிருந்தால், அனுமதியோடுதான் இருக்கிறார் என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். சொந்தத் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள்; உறவு கெடாமல் இருக்கவே எழுதுங்கள். உங்கள் சார்பில் காரியம் பார்க்க யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காணிப் பதிவகத்தில் தோம்பை (காணியின் பதிவேட்டை) எடுத்துப் பார்ப்பதும், நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லை பிடிப்பதும் ஒரு விடுமுறைக்குள் தொடங்கக்கூடிய வேலை. 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் வரை போய், அரசாங்கம் அதை மீளப் பெற்றது. ஆனால் அந்த மூன்று மாதமும் வெளிநாடுகளில் எத்தனை பேர் கடதாசி தேடி ஓடினார்கள்! வலிகாமம் வடக்கில் 1990இல் இராணுவம் எடுத்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. உங்கள் காணி அதற்குள் வருகிறதென்றால் திரும்பும் திட்டத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

புதிதாகக் காணி வாங்குபவர்களுக்கு: கனடாக் குடியுரிமை எடுத்த அன்றே உங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. பழைய அடையாள அட்டை கையில் இருப்பதால் அது திரும்பி வராது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி கைமாற்றுவது செல்லாது. நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. பழைய அட்டையைக் காட்டி நொத்தாரிசிடம் உறுதி முடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கை எழுதி வைக்கிறார்கள். முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காணி பிறகு வாங்கலாம்.

வீடு கட்டுவது அதற்கும் பிறகு. எங்கள் பக்கத்தில் பார்க்காத ஊர் இல்லை: இரண்டு மாடி, வெளியே மினுங்கும் ஓடு, மேலே ஐந்து அறை, முற்றமெல்லாம் சீமெந்து, கேற்றில் பூட்டு. கட்டியவர்கள் வந்து நின்றால் கீழே ஒரு அறையிலும் குசினியிலும்தான் சீவியம்; முழங்கால் வலியோடு மாடி ஏற முடியாது. பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டிய அறைகளில் பேரப்பிள்ளைகள் இன்னும் ஒரு இரவு படுக்கவில்லை. இரண்டு பேருக்கு அளவான, படியில்லாத, கைபிடி வைத்த குளியலறையுள்ள வீடு போதும். கட்டுமுன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தடித் தண்ணீர்தான் எல்லாம். தோட்டப் பசளையால் பல கிணறுகளில் நைத்திரேற் கூடுதல். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது.

இருவருக்கும் சேர்த்து ஒருவர் முடிவெடுப்பது

என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். ஊருக்குப் போகும் ஆசையை வாய்விட்டுச் சொல்பவர் பெரும்பாலும் கணவன். அவருக்கு ஊர் என்றால் சந்தியில் நின்று கதைக்கும் கூட்டாளிகள், வாசிகசாலை, கோயில் நிர்வாகம். மனைவி இங்கே 30 வருடமாகத் தனியே பஸ் எடுத்து வேலைக்குப் போனவர், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர், பின்னேரத்தில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் எடுப்பவர். அங்கே போனால் அவரை எதிர்பார்த்து நிற்பது குசினியும், வரும் ஆட்களுக்குத் தேத்தண்ணியும், ஒவ்வொரு சடங்குக்கும் "நீங்கள் ஏன் வரேல்லை?" என்ற கேள்வியும்.

"இஞ்சருங்கோ, அங்கை நீங்கள் வெளியிலை போயிடுவியள். நான் ஆரோடை கதைக்கிறது?" என்று ஒரு மனைவி கேட்டால் அதைப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது பதில் சொல்லவேண்டிய கேள்வி. அவருடைய சகோதரங்கள் அங்கே இருக்கிறார்களா, அவர் கார் ஓடுவாரா, கணவன் முதலில் கண்ணை மூடிவிட்டால் அவர் அங்கே இருப்பாரா, திரும்பி வருவாரா, வந்தால் எந்த வீட்டுக்கு? இதை முன்கூட்டியே இருந்து கதைக்காமல் போன குடும்பங்களில், இரண்டாவது வருடத்தில் மனைவி பேரப்பிள்ளை பிறந்ததைச் சாட்டிக் கனடா வந்து, அப்படியே நின்றுவிடுகிறார். வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று இருப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பலருக்கு அதுவே பொருத்தம்.

வைத்தியமும் மரண சாசனமும்

வைத்தியத்தில் யாழ்ப்பாணம் சில விஷயங்களில் கனடாவை விட வசதி. இங்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் நிபுணரை அங்கே பின்னேரம் தனியார் இடத்தில் காசு கட்டிப் பார்த்துவிடலாம். போதனா வைத்தியசாலை இலவசம், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் 2022க்குப் பிறகு நிறைய வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். சில சிகிச்சைகளுக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். நீங்கள் குடிக்கும் மருந்துகளின் மூலப் பெயர்களை எழுதிக்கொண்டு போய், அவை அங்கே ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்று பரீட்சைக் காலத்திலேயே விசாரியுங்கள். படுக்கையில் விழுந்தால் பார்க்க யார் என்ற கேள்விக்கு "ஆரும் பிள்ளையள் இருப்பினம்" என்பது பதிலாகாது. அந்தப் பிள்ளைகளும் வெளிநாட்டுக்கு விசா போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

கடைசியாக, இரண்டு நாட்டிலும் சொத்து உள்ளவர்கள் இரண்டு நாட்டுக்கும் தனித்தனியே மரண சாசனம் எழுதுவது நல்லது. இலங்கையில் அது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வழக்கமான படிவங்களில் "இதற்கு முன் எழுதிய எல்லாச் சாசனங்களையும் இரத்துச் செய்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். ஊரில் எழுதும் புதிய சாசனத்தில் அந்த வரியை அப்படியே விட்டால் ஸ்காபரோவில் எழுதி வைத்தது இரத்தாகிவிடலாம். கையெழுத்து வைக்குமுன், அந்த வரி இலங்கைச் சொத்துக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள்.