பவுடர் டப்பாவும் பழைய டியூபும்

பினாங்கு பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா, உரிமத்துடன் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும்போது சட்டைப் பையில் முகப்பவுடர் டப்பா ஒன்று இருக்கும். அழகுக்கு அல்ல. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கோ படுகூர்மை. டப்பாவை லேசாக அமுக்கினால், பறக்கும் தூள் காற்றின் திசையைக் காட்டிவிடும். தூள் பன்றி வரும் பக்கம் போனால் உடனே இடத்தை மாற்றுங்கள். வாசனையில்லாத சோளமாவு இன்னும் நல்லது, சித்தப்பாதான் கேட்கமாட்டார்.

டார்ச் லைட்டின் பிடியில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து நான்கு விரல் நீளத் துண்டை வெட்டி மாட்டுங்கள். மழையிலும் கை வழுக்காது. விறகு நனைந்திருந்தால் அந்த டியூபிலேயே கொஞ்சம் அறுத்துப் பற்றவைக்கலாம். தூறலிலும் எரியும். நாற்றம் மட்டும் சகிக்காது, ஆகவே வேட்டை முடிந்த பிறகு.